பீஸ் கட்டி மண்ணில் விளையாட விடுகிறோமா?

கேள்வி: என் மகளுக்கு நாலேகால் வயது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு சிறிய மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி. படிக்கிறாள். அங்கே மணல், தண்ணீர், கட்டை, பொம்மை, பாட்டு, கதை என்றுதான் நாள் போகிறது. வீட்டுப்பாடம் கிடையாது, நோட்டு கிடையாது. பிள்ளை சந்தோஷமாகத்தான் போய் வருகிறாள். என் ஓரகத்தியின் மகனுக்கும் இதே வயது. அவன் பெரிய பள்ளியில் படிக்கிறான். தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது ஏ முதல் இஸட் வரை எழுதிக் காட்டினான். ஒன்று முதல் நூறு வரை நிறுத்தாமல் சொன்னான். என் மகளைக் கேட்டபோது, “எங்க ஸ்கூல்ல நான் எறும்பு வீடு கட்டுனேன்” என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அன்று இரவு என் அத்தை, “பீஸ் கட்டி மண்ணுல விளையாட விடறமா? அதை இங்க வாசல்லயே விளையாடலாமே” என்றார். கணவரும் அடுத்த வருடம் பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார். டீச்சரிடம் கேட்டால், “இது விளையாட்டு வழிக் கல்வி மேடம்” என்பதற்கு மேல் பதில் வரவில்லை. ஒன்றாம் வகுப்பு அட்மிஷனில் டெஸ்ட் வைத்தால் என்ன செய்வது என்று எனக்கும் பயமாக இருக்கிறது. பள்ளியை மாற்றலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய், ஈரோடு.

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் அத்தை கேட்டது நல்ல கேள்வி. திண்டுக்கல்லில் 24 வருடமாக மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். “இதை வாசல்லயே விளையாடலாமே” என்று கேட்காத பாட்டி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, டீச்சர்தான். “விளையாட்டு வழிக் கல்வி மேடம்” என்று அவர் சொன்னது எனக்கும் போதவில்லை.

அதனால் என் பதில் இரண்டு பாதியாக இருக்கும். மகள் இன்னும் எழுதவில்லை என்பதற்காகப் பள்ளியை மாற்றாதீர்கள். ஆனால் மணலை எதற்காக வைத்திருக்கிறோம் என்று அந்தப் பள்ளியில் யாருக்குமே சொல்லத் தெரியவில்லை என்றால், தாராளமாக மாற்றுங்கள். எந்தப் பாதி உங்களுக்குப் பொருந்தும் என்பது ஒரு நாள் காலை அங்கே போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு முன்னால் அந்த நூறையும் ஏ முதல் இஸட்டையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தூக்கத்தைக் கெடுத்தது அவைதானே.

ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை எடுத்து வையுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள். சொந்தக்காரர்கள் முன்னால் பரீட்சை மாதிரி வைத்துவிட வேண்டாம். விளையாட்டுப் போக்கில், “எனக்கு அஞ்சு கொட்டை குடு” என்று மகளிடம் கேளுங்கள். நூறு வரை கடகடவென்று சொல்லும் நாலு வயதுப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் கை நிறைய அள்ளிக் கொடுப்பதை வருடா வருடம் பார்க்கிறேன். இன்னும் சிலர் ஐந்து கொட்டையை ஒழுங்காகத் தொட்டு எண்ணுவார்கள். எண்ணி முடித்ததும், “அப்போ மொத்தம் எத்தனை?” என்று கேட்டால், மறுபடியும் “ஒண்ணு, ரெண்டு” என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கடைசியாகச் சொன்ன ‘ஐந்து’தான் மொத்தத்துக்கும் பெயர் என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அடுத்து, ஐந்து கொட்டையை நெருக்கமாக ஒரு வரிசை, இன்னொரு ஐந்தை இடைவெளி விட்டு ஒரு வரிசை என்று வைத்துப் பாருங்கள். நீளமான வரிசையில்தான் நிறைய இருக்கிறது என்று சொல்லும். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே சென்ற நூற்றாண்டில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். நான் பயிற்சியில் அதைப் படித்து, தேர்வில் எழுதி, மார்க்கும் வாங்கினேன். நம்பியது என் வகுப்பில் ஒரு பையன் கொட்டையை வைத்துக்கொண்டு என்னோடு சண்டை போட்ட அன்றைக்குத்தான்.

ஓரகத்தி மகனை நான் குறை சொல்லவில்லை. நூறு வரை சொல்வதும் ஒரு திறமைதான். ஒரு நீண்ட பாட்டை மனப்பாடமாகச் சொல்கிற திறமை. எண்ணிக்கை என்பது வேறு. ஒரு கொட்டைக்கு ஒரு எண், எதையும் விடக்கூடாது, எதையும் இரண்டு தடவை தொடக்கூடாது, கடைசி எண்தான் மொத்தம், பரப்பி வைத்தாலும் குவித்து வைத்தாலும் அது மாறாது. இத்தனையும் விரல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், நோட்டு வழியாகப் போகாது. உங்கள் அத்தைக்குப் பல்லாங்குழி ஆடத் தெரிந்திருக்கும். 14 குழி, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு முத்தாகப் போட்டுக்கொண்டே போவது. எங்கள் வகுப்பில் நான் ஒரு மாதம் பாடுபட்டுச் சொல்லிக் கொடுப்பதை அந்தப் பலகை ஒரு வாரத்தில் செய்துவிடும். அத்தையையும் பேத்தியையும் எதிரெதிரே உட்கார வைத்துவிடுங்கள். ஆட்ட விதியெல்லாம் அப்புறம் வரட்டும், முதலில் குழிக்கு ஒரு முத்தாகப் போட்டாலே போதும்.

எழுத்துக்கு வருவோம். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. நாலு வயதுப் பிள்ளையின் கையை எக்ஸ்-ரே எடுத்தால் ஏறக்குறைய பாதிதான் தெரியும். மீதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதச் சொன்னால் எழுதத்தான் செய்யும், பிள்ளைகள் நாம் சொன்னதைச் செய்வார்கள். ஆனால் பென்சிலை முஷ்டியில் பிடித்து, தோளையே அசைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு எழுதும். அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு மாற்றுவது பெரிய வேலை. மூன்றாம் வகுப்பில் “கை வலிக்குது” என்று அழும் பிள்ளைகளில் சிலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

அப்போது எழுதுவதற்கு ஒன்றுமே செய்வதில்லையா? நிறையச் செய்கிறோம், அது எழுதுவது மாதிரி தெரியாது. ஈரத் துணி பிழிவது, களிமண் உருட்டுவது, கொடியில் துணி கிளிப் மாட்டுவது, பழைய செய்தித்தாளைக் கத்தரிப்பது. வீட்டில் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையை அவள் கையில் கொடுங்கள். கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். இலையைக் கிள்ளும் அந்த மூன்று விரல்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போகிறது. கோலமாவைக் கிள்ளி இழை விடவும் அதே மூன்று விரல்தான். புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றி வளைத்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரத் தெரிந்த பிள்ளைக்கு ‘அ’வின் சுழி பயம் காட்டாது. இன்னொன்று, இது என் தனிப்பட்ட பிடிவாதம்: தமிழில் முதல் எழுத்து ‘அ’ என்பதற்காக எழுதுவதையும் ‘அ’வில் தொடங்க வேண்டியதில்லை. அதில் சுழி, வளைவு, கோடு எல்லாம் இருக்கிறது. ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினால் பிள்ளைக்குக் கை நிற்கும். விஜயதசமிக்குப் பச்சரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைக்கிறோமே, அது வேறு விஷயம், அது அழகு. அது முடிந்த மறுநாளே பென்சிலைத் திணிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

சரி, இப்போது அத்தையின் கேள்வி. வாசலில் விளையாடுவதற்கும் பள்ளியில் விளையாடுவதற்கும் என்ன வித்தியாசம்?

என் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பையன், நாலரை வயது. பென்சில் என்றாலே ஓடிவிடுவான். மூலையில் எழுத்து மேசை ஒன்று போட்டு வைத்திருந்தேன். அந்தப் பக்கமே வரமாட்டான். மூன்று வாரம் பார்த்தேன். அவனுக்குப் பிடித்த இடம் கடை. ஒரு பெஞ்சு, நாலு கூடை, உண்மையான கத்தரிக்காய், வெங்காயம், தக்காளி, ஒரு பழைய தராசு, காசுக்குப் புளியங்கொட்டை. அவன் அப்பாவுக்குக் காய்கறி வியாபாரம், அதனால் இவன்தான் எப்போதும் முதலாளி. ஒரு திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அந்தப் பெஞ்சின்மேல் ஒரு சின்ன பில் புத்தகத்தையும், நூல் கட்டிய பென்சில் ஒன்றையும் வைத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள் நானே போய் அரைக்கிலோ தக்காளி வாங்கினேன். “அண்ணே, பில் குடுங்க, வீட்டுல கணக்குக் கேப்பாங்க” என்றேன். அவன் என்னைப் பார்த்தான், பென்சிலைப் பார்த்தான், பிறகு எடுத்து நெளிநெளியாக நாலு கோடு இழுத்து, தாளைக் கிழித்து, “நாப்பது ரூவா” என்று நீட்டினான். நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். ‘நன்றாக எழுதினாய்’ என்று பாராட்டக்கூட இல்லை. வாடிக்கையாளர் பில்லைப் பாராட்டுவாரா என்ன? அந்த வாரம் முழுக்க அவன் பில் போட்டான். எல்லாருக்கும், கேட்காதவர்களுக்கும். அடுத்த வாரம் ஒரு சிறுமி பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல தக்காளின்னு எங்க எழுதியிருக்கு?” என்று கேட்டுவிட்டாள். அவன் என்னிடம் வந்தான். “மிஸ், தக்காளிக்கு என்ன எழுதணும்?”

அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை வாரம் காத்திருந்தேன். ‘த’வை மணலில் விரலால் எழுதிக் காட்டினேன். அவன் பில்லில் எழுதினான், பக்கவாட்டில் சாய்ந்த ஒரு ‘த’. அன்றைக்கு அவன் கற்ற எழுத்து ஒன்றே ஒன்றுதான். ஆனால் எழுத்து எதற்கு என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அத்தைக்கு இதைச் சொல்லுங்கள். கடை விளையாட்டு உங்கள் வாசலிலும் நடக்கும், சொப்புச் சாமான் இருந்தால் போதும். அங்கே பில் புத்தகம் வராது. பள்ளிக்கூடத்தில் அதை வைப்பதற்கு ஒருவர் இருக்கிறார். யாருக்காக, எங்கே, எந்த வாரம், எதற்காக வைக்கிறேன் என்று தெரிந்து வைக்கிறார். வைத்த பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார். நீங்கள் கட்டும் பீஸ் அதற்குத்தான்.

காத்திருப்பது எனக்கு லேசில் வரவில்லை. ஆரம்ப வருடங்களில் நான் பெரிய கேள்வி மிஷின். ஒரு நாள் பிள்ளைகள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இருந்தான், கண்டக்டர் விசில் ஊதினாள், பின் சீட்டில் ஒரு பாட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், எல்லாம் அச்சு அசல். நான் போய் நின்று, “எத்தனை சேர் இருக்கு? இது என்ன கலர்? எங்கே, ஒன் டூ சொல்லுங்க” என்றேன். டிரைவர் இறங்கினான். கண்டக்டர் விசிலைக் கீழே வைத்தாள். ஒரு நிமிடத்தில் பஸ் காலி, வெறும் நாற்காலிதான் இருந்தது. பாடம் நடத்தியதாக நான் நினைத்தேன். உண்மையில் ஒரு வகுப்பைக் கலைத்திருந்தேன். இன்றைக்கு என்றால் நானும் ஏறி உட்கார்ந்து, “பழநிக்கு ரெண்டு டிக்கெட்” என்று கேட்பேன். கண்டக்டர் இரண்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். “ஒரு டிக்கெட் பத்து ரூபாயா? ரெண்டுக்கு எவ்வளவு?” கணக்கு அதே கணக்குதான், பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு, அது நவீனமான தவறு. பிள்ளைகள் தாமாகவே எல்லாவற்றையும் கண்டுபிடித்துக்கொள்வார்கள், டீச்சர் சும்மா இருந்தால் போதும் என்பது. கத்தரிக்கோலை எப்படிப் பிடிப்பது என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தால் விரல் போய்விடும். அதை நான் நேராகவே சொல்லித்தருகிறேன். பாட்டு, கதை, புதுச் சொற்கள் எல்லாவற்றையும் நான்தான் கொண்டுவருகிறேன். ‘பல்’ என்று நான் சொன்னால் ‘கல்’, ‘சொல்’, ‘வில்’ என்று அவர்கள் அடுக்குவார்கள். அது தினமும் 10 நிமிடம் நடக்கிறது, திட்டம் போட்டுத்தான் நடக்கிறது. சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித்தருவது, கண்டுபிடிக்க விடவேண்டியதை விடுவது, இரண்டுக்கும் நடுவே எங்கே கோடு என்று பிள்ளைக்குப் பிள்ளை பார்ப்பது. வேலையே அதுதான். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி, பிள்ளை தனியாகச் செய்வதற்கும் ஒருவர் கைகொடுத்தால் செய்வதற்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் பார்க்கச் சொன்னார். சைக்கிள் பழக்கிவிட்ட எந்த அப்பாவுக்கும் அது தெரியும். சீட்டிலிருந்து கையை எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி.

எங்கள் பக்கத்துக் கொடைக்கானலில் மரியா மாண்டிசோரி சில காலம் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தவர். 1939-இல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் மூண்டு ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அவருடைய இளஞ்சிவப்புக் கட்டைகளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கலாம். பத்துக் கனசதுரங்கள். மிகச் சிறியது ஒரு சென்டிமீட்டர், மிகப் பெரியது 10 சென்டிமீட்டர், பத்தும் ஒரே நிறம். வண்ண வண்ணமாகச் செய்திருந்தால் கடையில் இன்னும் நன்றாக விற்கும். ஆனால் பிள்ளையின் கவனம் அளவில் மட்டும் நிற்க வேண்டும் என்பதற்காக நிறத்தை மாற்றாமல் விட்டார். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் இப்படி ஒரு காரணம். இதைச் சொல்வதற்குக் காரணம், இன்று எந்தப் பள்ளியும் தன் போர்டில் ‘மாண்டிசோரி’ என்று எழுதிக்கொள்கிறது. கட்டை அலமாரியில் பூட்டியிருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு இறங்கும்.

விலையுள்ள கட்டைதான் வேண்டும் என்றும் இல்லை. 1945-இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரண்டு குழந்தைக் கல்வியாளர்கள் தொடங்கிய வேலையில் விதை, இலை, கூழாங்கல், சிப்பி என்று கைக்குக் கிடைத்ததை வைத்தே சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லையா, பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது. ‘அங்கன்’ என்றால் முற்றம். ‘அங்கன்வாடி’ என்ற பெயரில் இருப்பது அந்த முற்றம்தான். ஆக, உங்கள் அத்தை வாசலைச் சொன்னதில் தவறே இல்லை!

இனி உங்கள் மகளின் பள்ளிக்குப் போகும் காலை. முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஒரு மணி நேரம், ஓரமாக, தரையில் உட்காருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். இருபது பிள்ளைகளின் இருபது வாத்தும் ஒரே மஞ்சளில், ஒரே இடத்தில் கண் வைத்து இருந்தால் அதை வரைந்தது யார் என்று உங்களுக்கே தெரியும். டீச்சரைப் பாருங்கள். பிள்ளைகள் விளையாடும்போது அவர் எங்கே இருக்கிறார்? மேசையில் உட்கார்ந்து ரிஜிஸ்டர் எழுதுகிறாரா, கைப்பேசியில் இருக்கிறாரா, அவர்கள் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறாரா? பேசும்போது கேள்வி எப்படி வருகிறது? “இது என்ன கலர்?” என்பது பதில் தெரிந்த கேள்வி. “இது ஏன் விழுந்துச்சு?”, “இன்னும் உயரமாக் கட்ட என்ன செய்யலாம்?” என்பது கேட்பவருக்கும் பதில் தெரியாத கேள்வி. இரண்டாவது வகை ஒரு மணி நேரத்தில் நாலைந்து தடவை காதில் விழுந்தால் நல்ல சகுனம்.

சண்டை வரும், கண்டிப்பாக வரும். ஒரு லாரியை இரண்டு பேர் இழுப்பார்கள். அப்போது டீச்சர் லாரியைப் பிடுங்கி அலமாரியில் வைத்தால் அன்றைய பாடம் போயிற்று. இருவரையும் பேச வைத்து, ஒருவர் எவ்வளவு நேரம், அடுத்தவர் எவ்வளவு நேரம் என்று முடிவுக்குக் கொண்டுவந்தால், ஒன்றாம் வகுப்புக்கு ஏ முதல் இஸட்டைவிடப் பெரிதாகத் தேவைப்படும் ஒன்றை உங்கள் மகள் அங்கே கற்கிறாள்.

பிள்ளைகள் போனபிறகு டீச்சரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். குற்றம் சாட்டுகிற குரலில் கேட்க வேண்டாம். “இந்த வாரம் மணல் தொட்டியில் புனலும் சல்லடையும் போட்டிருக்கீங்களே, எதுக்கு?” என்று ஒன்று. “என் பொண்ணு மூணு மாசத்துக்கு முன்னாடி எப்படி இருந்தா, இப்போ என்ன மாறியிருக்கு?” என்று இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒரு வாக்கியமாவது பதில் இருக்க வேண்டும். இரண்டாவதுக்கு உங்கள் மகளின் பெயர் சொல்லி, அவளைப் பற்றியே பதில் வர வேண்டும். “நல்லா மிங்கிள் ஆகறா” என்பது பதில் இல்லை.

பிள்ளைகள் 12.30 மணிக்குப் போனதும் நான் 20 நிமிடம் ஒரு நீள நோட்டில் எழுதுவேன். கிறுக்கலாகத்தான் இருக்கும். ஒரு பிள்ளையைப் பற்றிய குறிப்பு இப்படி இருக்கும்: “கட்டைகளை நீளவாரியாக அடுக்கினாள், நடுவில் ஒன்று இடம் மாறியதைத் தானே கண்டுபிடித்தாள். ‘நீ அம்மா, நான் டாக்டர்’ என்று மூன்று பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்தாள். கத்தரிக்கோலுக்கு இன்னும் இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.” அடுத்த வாரம் அவளுக்காக அகலமான காகிதத்தை மெல்லிய கீற்றாக வெட்டி வைப்பேன், ஒரு வெட்டில் துண்டாகும்படி. இப்படி ஒரு நோட்டு உங்கள் டீச்சரிடமும் இருக்கலாம். பல டீச்சர்களுக்குச் செய்யத் தெரியும், பெற்றோரிடம் எடுத்துச் சொல்லத் தெரியாது. எங்கள் பயிற்சியில் அதை யாரும் சொல்லித்தருவதும் இல்லை. உங்கள் டீச்சர் அந்த வகையாக இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள். மாறாக, சறுக்கு மரமும் பிளாஸ்டிக் பந்தும் நிறைய இருந்து, பிள்ளைகள் அதே இடத்தில் அதையே மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்து, கேட்டதற்கு “ஃப்ரீ பிளே மேடம்” என்று மட்டும் பதில் வந்தால், அது பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். அதற்கு அந்த பீஸ் அதிகம். அத்தை சொன்னது சரி. மாற்றுங்கள். ஆனால் மாற்றும்போது நோட்டு நிறைய எழுத வைக்கிற இடத்துக்குப் போய் விழாதீர்கள். இதே ஒரு மணி நேரத்தை அங்கேயும் உட்கார்ந்து பாருங்கள்.

ஒன்றாம் வகுப்பு டெஸ்ட் பயத்துக்குச் சுருக்கமாக: 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு எதுவும் வைக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் தடவை ரூ.25,000 வரை அபராதம். நடைமுறையில் ‘சும்மா பேசிப் பார்க்கிறோம்’ என்று கூப்பிடும் பள்ளிகள் உண்டு என்பது எனக்கும் தெரியும். அந்த மேசைக்கு முன்னால் வாயைத் திறந்து பேசும் பிள்ளைதான் தேறுகிறது. கூடியிருந்த கும்பலுக்கு நடுவில் “நான் எறும்பு வீடு கட்டுனேன்” என்று சொன்ன உங்கள் மகளைப் பற்றி எனக்கு அந்தக் கவலை இல்லை. எழுத்து? யு.கே.ஜி.யில் ஐந்து வயது தாண்டியதும், கை தயாராக இருந்தால் சில மாதங்களில் வந்துவிடும். என் பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான் வந்தது.

ஒரே ஒரு எச்சரிக்கை. விளையாட்டுப் பள்ளிதானே, மெதுவாக வரட்டும் என்று எல்லாவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. நாலு வயதில் பிள்ளை பேசுவது வெளி ஆட்களுக்குப் பெரும்பாலும் புரிய வேண்டும். கூப்பிட்டால் திரும்பாதது, படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்ப்பது, மற்ற பிள்ளைகளோடு விளையாட ஆர்வமே இல்லாதது, முன்பு பேசிய சொற்களை விட்டுவிடுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, பொதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

கணவரையும் அந்தக் காலைக்கு அழைத்துப் போக முடிந்தால் நல்லது. நீங்கள் வந்து சொல்வதைவிட அவரே பார்த்தால் வீட்டுப் பேச்சு பாதி குறையும். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள், படம் எடுக்க வேண்டாம், மகளைக் கூப்பிட்டு “அம்மாவுக்குச் செஞ்சு காட்டு” என்றும் சொல்ல வேண்டாம். மணல் தொட்டிப் பக்கமாக இடம் பிடித்து உட்காருங்கள். டீச்சர் அந்த இரண்டு கேள்விக்கும் என்ன சொன்னார் என்று முடிந்தால் எனக்கு எழுதுங்கள். எறும்பு வீடு எப்படிக் கட்டினாள் என்பதையும் அவளிடம் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள். காய்ந்த மணலில் அது நிற்காதே, தண்ணீர் எவ்வளவு ஊற்றினாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.